மிதித்த கால்

கடலூர் துறைமுகத்தில் வந்து இறங்கிய இயந்திரப் பெட்டிகளைப் புதுச்சேரிக்கு ஏற்றிப்போக எந்த டிரைவரும் ஒப்பவில்லை. கண்ணையன் ஒருவன்தான் "நான் போறேன்" என்றான். அது வீரத்தில் சொன்ன பேச்சு அல்ல. லாரி முதலாளி கிருஷ்ணசாமி அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த ஒரு லோட மில்லுக்குள்ள எறக்கிட்டன்னா, அவங்க சொந்த வண்டிக்கே உன்னை நிரந்தரமா வெச்சுக்குவாங்க. நான் பேசிட்டேன்" என்று சொல்லியிருந்தார். லோடு கிடைத்தால் சோறு, கிடைக்காவிட்டால் கூழ் என்று பத்து வருஷம் ஓட்டியவன் கண்ணையன். வீட்டில் தனக்கொடியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். நிரந்தரம் என்ற ஒரு வார்த்தை அவன் காதில் தேனாக விழுந்தது.

ஐம்பத்தேழாம் வருஷம், ஆவணி மாதம். பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று வருஷம் ஆகப்போகிறது. புதுச்சேரியில் மெர்லோ துணி மில்லை வைத்திருந்த வெள்ளைக்காரன் அதை ஒரு வடக்கத்திக் கம்பெனிக்கு விற்றுவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டான். புது முதலாளிகளை ஊரில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. கேட்டில் ஒட்டும் காகிதங்கள்தான் அவர்களுடைய முகம். முதல் காகிதம் போனஸ் இல்லை என்றது. இரண்டாவது காகிதம் வேலை நேரத்தைக் கூட்டியது. ரீலிங் பிரிவில் நூல் சுற்றும் நூற்றிருபது பெண்களுக்கும் இனி வேலை கிடையாது, இயந்திரம் வருகிறது என்றது மூன்றாவது. அதே மாதத்தில்தான் கம்பெனி மானேஜர் கடற்கரையோரம் மாடி வீட்டுக்குக் குடிவந்தார். கப்பல் போல ஒரு கார் வந்தது. அந்தக் காரைத் துடைக்கிற ஆளுக்கே ரீலிங் பெண்களைவிடச் சம்பளம் அதிகம் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டார்கள்.

பெண்கள் தெருவில் இறங்கினார்கள். வேலைக்குச் சோறு கொண்டுபோகிற தூக்குச்சட்டியை வெறுமையாக எடுத்துக்கொண்டு, கரண்டியால் அதை அடித்துக்கொண்டே துய்ப்ளெக்ஸ் வீதியில் கம்பெனி ஆபீஸ் வரைக்கும் போனார்கள். அன்றைக்குக் கடைவீதியில் ஒரு வார்த்தை பேச முடியவில்லை, அவ்வளவு சத்தம். மூன்றாம் நாள் ஆண்களும் தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். கம்பெனி வெளியூரிலிருந்து தடியர்களைக் கொண்டுவந்து கேட்டில் நிறுத்தியது. அதற்கப்புறம் மண்டை உடையாத நாள் இல்லை. முதல் முறை இயந்திரம் ஏற்றிவந்த லாரியை முதலியார்பேட்டையில் மறித்துக் கல்லால் அடித்தார்கள். டிரைவருக்குக் கை இரண்டாக ஒடிந்தது. வண்டி வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

இரண்டாவது லாரிதான் கண்ணையன் ஓட்டியது.

கிளீனரைக் கடலூரிலேயே இறக்கிவிட்டு அந்த இடத்தில் இராமதாஸ் ஏறி உட்கார்ந்தான். மில்லில் கேட் சூப்பர்வைசர். தொழிலாளிகளைச் சோதனை போட்டு உள்ளே விடுவதும் வெளியே விடுவதும் அவன் வேலை. பெண்களைச் சோதனை போடும்போது அவன் கை எங்கெல்லாம் போகும் என்பது ரீலிங் பிரிவு முழுக்கத் தெரிந்த கதை. மடியில் துண்டு சுற்றிய இரும்புத் தடி ஒன்றை வைத்திருந்தான்.

"இந்தா கண்ணையா, ஒண்ணே ஒண்ணுதான் உனக்குச் சொல்றேன். எவ மறிச்சாலும் வண்டிய நிறுத்தாத."

"பொம்பளைங்க நின்னா எப்பிடி சார் போறது?"

"வண்டி வர்றதப் பாத்தா ஓடுவாளுங்க. உசுரு யாருக்குய்யா வெல்லமில்ல?"

நோணாங்குப்பத்தைத் தாண்டும்போது கண்ணையன் தன் வீடு இருந்த சந்தின் பக்கம் பார்க்கவே இல்லை. அரியாங்குப்பம் பாலத்தில் யாரும் மறிக்கவில்லை. முதலியார்பேட்டையிலும் இல்லை. சாலை வெறிச்சென்று கிடந்தது. நெல்லித்தோப்பைத் தாண்டி மில்லுக்குத் திரும்புகிற முனையில்தான் அவர்களைப் பார்த்தான்.

சாலையின் குறுக்கே ஐந்தாறு வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். உச்சி வெயில். தலையில் முந்தானையைப் போட்டிருந்தார்கள். சிலர் மடியில் குழந்தைகூட இருந்தது. முன்னால் ஒருத்தி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். கறுத்த, நெடிய பெண். அவள்தான் அஞ்சலாட்சி. பதினாறு வருஷம் ரீலிங்கில் நூல் சுற்றியவள். அவளுக்குப் பின்னால் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவள் அவளுடைய தங்கச்சி அமிர்தவல்லி. இந்தப் பெயரெல்லாம் கண்ணையனுக்குப் பிற்பாடு தெரிந்தவை. அப்போது அவன் கண்ணுக்குத் தெரிந்தது வெயிலில் ஒரு கூட்டம், அவ்வளவுதான்.

அவன் வேகத்தைக் குறைத்தான். கியரைத் தாழ்த்தினான். நிறுத்திவிடுவது என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தான். நிரந்தர வேலையாவது மண்ணாவது, இறங்கி ஓடிவிடலாம் என்றுகூட மனசு சொன்னது.

அப்போது கல் வந்தது.

பெண்கள் எறிந்த கல் இல்லை. சாலையோரப் புளியமரத்துக்குப் பின்னால் நின்ற ஆண்கள் எறிந்தது. முன் கண்ணாடி முழுசாக நொறுங்கி அவன் முகத்தில் கொட்டியது. புருவத்தில் ஒரு சில்லு இறங்கி, இரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. இரண்டாவது கல் தோளில் விழுந்தது. மூன்றாவது கல் மார்பில்.

"ஏத்துடா! ஏத்து! கொன்னுடுவானுங்கடா நம்மள!" என்று இராமதாஸ் கத்தினான்.

கண்ணையனுக்கு உள்ளே என்னவோ அறுந்தது. பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பயத்துக்கு மேலே ஒரு கோபம் மூண்டுவிட்டது. என் முகத்தைக் கிழித்தீர்களா, இப்போது பாருங்கள் என்கிற கோபம். காலை வைத்து ஆக்ஸிலரேட்டரை அழுத்தினான்.

கூட்டம் அலறிக்கொண்டு இரண்டு பக்கமும் சிதறியது. தூக்குச்சட்டிகள் சக்கரத்தில் நசுங்கிய சத்தம் கேட்டது. முன்வரிசையில் ஒரு கர்ப்பிணிப் பெண் எழ முடியாமல் கையை ஊன்றிக்கொண்டிருந்தாள். அமிர்தவல்லி ஓடவில்லை. அந்தப் பெண்ணை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிச் சாலையோரத்துக்குத் தள்ளினாள். தள்ளிவிட்டுத் திரும்பினாள். ஒற்றைக் கண்ணால் கண்ணையன் அவள் முகத்தைப் பார்த்தான். அப்புறம் முகம் இல்லை. வண்டி ஒருமுறை தூக்கிப்போட்டது.

அதற்குப் பிறகுதான் அவன் கால் பிரேக்குக்குப் போனது.

அஞ்சலாட்சி போட்ட கூச்சலில் புளியமரத்துக் காக்கைகள் எல்லாம் எழும்பின.

இராமதாஸ் அந்தப் பக்கக் கதவைத் திறந்து குதித்தான். எதிரே வந்த கிழவர் ஒருவரின் தாடையில் தடியால் அடித்தான். பல் தெறித்தது. இன்னொருவன் முழங்காலில் அடித்தான். அடித்துக்கொண்டே ஓடினான். மில் கேட் ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து அவனை விழுங்கி மூடிக்கொண்டது. கண்ணையன் நகரவில்லை. நகரத் தோன்றவில்லை. அவன் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்கள்.

என்னென்னவற்றால் அடித்தார்கள் என்று அவனுக்குக் கணக்கில்லை. தூக்குச்சட்டி, செங்கல், செருப்பு, லாரியிலிருந்து உருவிய இரும்பு. இடது கையை யாரோ சாலையில் விரித்துவைத்துக் கல்லைப் போட்டார்கள். விரல் எலும்புகள் நொறுங்கியது அவனுக்கே கேட்டது. விலாவில் விழுந்த உதையில் மூச்சு நின்றது. "கொளுத்துடா இவன! வண்டியோட வெச்சிக் கொளுத்து!" என்று ஒரு குரல். லாரியின் டாங்கியை உடைத்து டீசலை அவன் மேல் கொட்டினார்கள். தீப்பெட்டி உரசுகிற சத்தமும் கேட்டது.

அப்போது ஒரு உடம்பு அவன் மேல் விழுந்தது.

"தொடாதீங்கடா! எவனும் இவனத் தொடக்கூடாது!" அஞ்சலாட்சி அவன் மேல் குப்புறக் கவிழ்ந்து கிடந்தாள். அவள் புடவை முழுக்கத் தங்கச்சியின் இரத்தம்.

"தள்ளுக்கா! உன் தங்கச்சியக் கொன்னவன் இவன்!"

"தெரியும்டா. இவன் செத்துட்டா நாளைக்கு யாருடா சாட்சி? அவ தானா வந்து வண்டியில வுழுந்தான்னு எழுதிட்டுப் போயிடுவானுங்க. இவன் உசுரோட வேணும் எனக்கு. உசுரோட வேணும்!"

அவள் நகங்கள் அவன் தோளில் இறங்கியிருந்தன. காப்பாற்றுகிற கை என்று அதைச் சொல்ல முடியாது. பிடித்த இரையை விடாத பிடி அது.

லாரியை மட்டும் கொளுத்தினார்கள். பெட்டிகளோடு அது எரிந்துகொண்டிருக்கும்போது சிவப்புத் தொப்பிப் போலீஸ் இரண்டு வண்டிகளில் வந்து இறங்கியது. ஆண், பெண் பார்க்கவில்லை. அமிர்தவல்லியின் உடலைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களையும் தடியால் அடித்தே கலைத்தார்கள்.

*

பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணையனுக்கு மூன்றாம் நாள்தான் நினைவு திரும்பியது. இடது கையில் இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். வலது கையைக் கட்டிலோடு சேர்த்து விலங்கு போட்டிருந்தது. வாசலில் போலீஸ்.

முதலில் வந்தவர் கிருஷ்ணசாமி. ஆரஞ்சுப் பழத்தை மேஜைமேல் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பழைய பிரெஞ்சு சட்டப்படி மொதல்ல ஒரு ஜட்ஜு தனியா விசாரிப்பாரு. அவருகிட்ட நீ சொல்ல வேண்டியது ரெண்டே வார்த்த. கூட்டத்துல எவனோ தள்ளி அந்தப் பொண்ணு வண்டியில வுழுந்துது. வண்டியில நீ மட்டும்தான் இருந்த, இராமதாஸ் இல்ல. அவ்வளவுதான். மீதியக் கம்பெனி பாத்துக்கும். மெட்ராசுலேருந்து அவோக்கா, பெரிய வக்கீலு வர்றாரு."

"இராமதாஸ எல்லாரும் பாத்தாங்களே மொதலாளி."

"அவங்க வேலைநிறுத்தக்காரங்க. அவங்க சொன்னா யாரு நம்புவா? நீ சொன்னாத்தான் எடுபடும்."

அடுத்த நாள் தொழிற்சங்கச் செயலாளர் கலியமூர்த்தி வந்தார். நெசவுப் பிரிவுக்காரர். நெற்றியில் கட்டு. போலீஸ்காரரிடம் ஏதோ பேசி உள்ளே வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"உன் மூஞ்சியப் பாக்கவே எனக்குப் புடிக்கல. ஆனா சொல்லிட்டுப் போறேன். இராமதாசு உன் கால் மேல அவன் காலப் போட்டு அமுத்தினான்னு சொல்லு. நீ நிறுத்தத்தான் பாத்த, அவன் வுடலன்னு சொல்லு. உனக்கும் விடுதலை. அவன் கழுத்துக்கும் கயிறு. அவனப் புடிச்சா மானேஜரப் புடிக்கலாம்."

கண்ணையன் கண்ணை மூடிக்கொண்டான். இரண்டு பேரும் அவனுக்கு நல்லதுதான் செய்ய வந்தார்கள் போலிருந்தது. இரண்டு பொய்யிலும் அவன் தப்பிவிடலாம். மூடிய கண்ணுக்குள் அமிர்தவல்லி திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண்ணைத் தள்ளிவிட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

ஆறாம் நாள் தனக்கொடி வந்தாள். முந்தானையைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். எடுக்கச் சொன்னான். வலது காது மடல் இரண்டாகப் பிளந்து, தையல் போட்டு வீங்கியிருந்தது.

"யாரு?"

"ரெண்டு பேரு. பட்டப்பகல்ல. ஆத்துல துணி தொவைச்சிக்கிட்டிருந்தேன். ஒருத்தன் முடியப் புடிச்சித் தண்ணியில அமுக்குனான். இன்னொருத்தன் கம்மலோட காத இழுத்தான். 'உன் புருஷன் ஒழுங்கா சொல்லலன்னா அடுத்தது பெரிய பொண்ணு காது'ன்னான்." அவள் அழவில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். "கம்பெனிக்காரங்க கேக்கறத சொல்லிடுய்யா. செத்தவ செத்துட்டா. நம்ம புள்ளைங்க இருக்குது."

"புள்ளைங்கள இழுத்துக்கிட்டு இன்னைக்கே உங்கம்மா ஊருக்குப் போயிடு" என்றான் கண்ணையன்.

"அப்ப சொல்ல மாட்ட?"

"எனக்கு இன்னும் தெரியல தனக்கொடி."

அவள் எழுந்து நின்றாள். "ஏத்தும்போது தெரிஞ்சுதா உனக்கு?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அஞ்சலாட்சி கடைசியாகத்தான் வந்தாள். அவள் வருவாள் என்று அவன் எதிர்பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கண்ணைச் சுற்றிப் போலீஸ் தடியின் கன்றல். கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.

"சங்கத்துல என்னா சொல்லச் சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும். மில்லுல என்னா சொல்லச் சொல்லியிருப்பாங்கன்னும் தெரியும். எனக்கு ரெண்டும் வேணாம். நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. அது உன் காலா, அவன் காலா?"

வாசலில் போலீஸ்காரர் தும்மினார்.

"சொல்லுடா. அவளப் பொதைச்ச எடத்துல நின்னு நான் யார நெனைச்சிக் காறித் துப்பறது? எனக்குத் தெரிய வேணாமா?"

"என் காலு" என்றான்.

அவள் அசையவில்லை.

"அவன் ஏத்துன்னான். ஆனா காலு என்னுது. நிறுத்தத்தான் பாத்தேன். கல்லு பட்டுது. ஆத்திரம் வந்துடுச்சி. அந்த ஒரு நிமிசம்... ஏத்தணும்னுதான் ஏத்துனேன்."

அஞ்சலாட்சி கட்டிலைச் சுற்றி வந்தாள். கட்டுப்போட்ட அவன் இடது கையை எடுத்தாள். எடுத்து, இரண்டு கையாலும் பலங்கொண்ட மட்டும் நெரித்தாள். அவன் அலறினான். தையல் பிரிந்து துணி சிவந்தது. போலீஸ்காரர் ஓடிவந்து அவளைப் பிடித்து இழுக்கும்வரை அவள் விடவில்லை.

வாசலுக்குப் போனபிறகு சொன்னாள். "இதே வார்த்தைய அங்க சொல்லு. ஒண்ணும் கூட்டாத. ஒண்ணும் கொறைக்காத."

*

விசாரணை ஜட்ஜின் அறை கடற்கரைப் பக்கத்துக் கோர்ட்டின் மாடியில் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகும் கோர்ட்டில் அவர்களுடைய சட்டம் போகவில்லை. ஜட்ஜ் நம் ஊர்க்காரர்தான், ஆனால் கேள்விகளைப் பிரெஞ்சில் கேட்டார். பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். குமாஸ்தா ஒருவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

கண்ணையன் சொன்னான். கடலூரில் ஏறியது, இராமதாஸ் மடியில் இருந்த தடி, எவள் மறித்தாலும் நிறுத்தாதே என்றது, நிறுத்தப்போனது, கல் வந்தது, ஏத்து என்றது, தன் கால், தன் ஆத்திரம். மொழிபெயர்ப்பாளர் ஒரு இடத்தில் நின்றுவிட்டார். ஜட்ஜைப் பார்த்தார், கண்ணையனைப் பார்த்தார்.

"ஏம்பா, 'பயத்துல காலு அழுந்திடுச்சி'ன்னு சொல்றியா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். நல்ல மனிதர்தான்.

"இல்லீங்க. பயம் இருந்துது. ஆனா அழுத்துனது ஆத்திரத்துல."

ஜட்ஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அதுவரைக்கும் பிரெஞ்சில் பேசியவர் சட்டென்று தமிழில் கேட்டார். "இதனால உனக்குத் தண்டனை கூடும்னு தெரியுமா?"

"தெரியுங்க."

"அப்புறம் ஏன்?"

"அப்பிடித்தான் நடந்துதுங்க" என்றான்.

அந்த வாக்குமூலம்தான் இராமதாஸை மாட்டிவிட்டது. தன்னையே காட்டிக்கொடுக்கிறவன் அடுத்தவனைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டான் என்று ஜட்ஜ் எழுதினார். மறுநாளே மில்லுக்குள் புகுந்து இராமதாஸைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கம்பெனிக்காரர்கள் கிருஷ்ணசாமி மேல் பாய்ந்தார்கள். கிருஷ்ணசாமி ஆஸ்பத்திரிப் பக்கமே தலைகாட்டவில்லை. நோணாங்குப்பத்தில் கண்ணையன் வீட்டுக் கூரை பட்டப்பகலில் எரிந்தது. நல்லவேளை, வீட்டில் யாரும் இல்லை. கலியமூர்த்திக்கும் ஆத்திரம்தான். "கால் மேல கால போட்டான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா மானேஜர் வரைக்கும் போயிருக்கலாம். யோக்கியன் வேஷம் போட்டுக் கெடுத்துட்டான்" என்று கூட்டத்தில் பேசினார்.

தை மாதத்தில் தீர்ப்பு. மானேஜர் சாட்சிக்கு வந்தார். கம்பெனிக்கு ஒன்றும் தெரியாது, தடியர்களை யார் கூப்பிட்டார்கள் என்றும் தெரியாது, அமிர்தவல்லி என்ற பெயரையே இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன் என்றார். சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார். கண்ணையனுக்கு மூன்று வருஷம். இராமதாஸுக்கு ஒன்றரை வருஷம். கம்பெனியின் பெயர் தீர்ப்பில் ஒரு இடத்தில்கூட வரவில்லை.

வெளியே ஆயிரம் பேருக்குமேல் நின்றிருந்தார்கள். ஒன்றரை வருஷம் என்ற வார்த்தை வாய்க்கு வாய் தாவிப் போனது. போகப் போக இரைச்சல் ஏறியது. மானேஜரின் கார் நகர முடியாமல் நின்றது. யாரோ அதன் பின்கண்ணாடியை உடைத்தார்கள். டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே எப்படியோ தப்பித்துப் போனான். கார் கிடைக்காத கூட்டம் துய்ப்ளெக்ஸ் வீதிக்குப் பாய்ந்தது. கம்பெனி ஆபீஸின் பலகையை இழுத்துப் போட்டுக் கோடாலியால் பிளந்தார்கள். மேஜை, நாற்காலி, காகிதக் கட்டு எல்லாம் மாடியிலிருந்து தெருவில் வந்து விழுந்தன. போலீஸ் சுட்டது. முதல் குண்டு வானத்துக்கு. இரண்டாவது குண்டு கலியமூர்த்தியின் தொடையில்.

கைதிகளை ஜெயிலுக்குக் கொண்டுபோகிற வண்டி இந்தக் கலவரத்தில்தான் மாட்டிக்கொண்டது. பின்புறமும் டிரைவர் முதுகுக்குப் பின்னாலும் கம்பிவலை போட்ட வண்டி. உள்ளே விலங்கோடு எதிரெதிரே கண்ணையனும் இராமதாஸும். நடுவில் இரண்டு காவலர்கள். ஓட்டியவர் அம்மாவாசை என்ற வயதான போலீஸ்காரர். பெரிய வாய்க்காலைத் தாண்டியதும் தெரு முழுக்க ஆட்கள். துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயந்து இந்தப் பக்கமாக ஓடிவந்தவர்கள். ஆணும் பெண்ணும் குழந்தையும். வண்டியைப் பார்த்ததும் ஓட்டம் நின்றது.

"உள்ள இராமதாசு இருக்கான்!" என்று ஒருத்தி கத்தினாள்.

கல் விழுந்தது. கூரையில் படபடவென்று மழைபோல விழுந்தது. முன்பக்கக் கண்ணாடியில் ஒரு கல் பட்டு நட்சத்திரமாக விரிந்தது. அம்மாவாசை தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் விறைப்பதைக் கண்ணையன் பின்னாலிருந்து பார்த்தான். இன்ஜின் உறுமியது.

"ஏத்துய்யா!" என்று இராமதாஸ் எழுந்து கம்பிவலையைப் பிடித்துக் கத்தினான். "நிறுத்தாத! ஏத்து! எல்லாரையும் கொன்னுடுவானுங்க!"

கண்ணையன் எப்போது எழுந்தான் என்று காவலர்களுக்கே தெரியாது. விலங்கு மாட்டிய இரண்டு கையையும் சேர்த்துத் தூக்கி இராமதாஸின் முகத்தில் இறக்கினான். மூக்கெலும்பு நொறுங்கியது. இரண்டாவது அடியில் உதடு கிழிந்தது. காவலர் ஒருவர் துப்பாக்கிக் கட்டையால் கண்ணையன் முதுகில் குத்தினார். அவன் விழுந்தான். விழுந்தபடியே ஊர்ந்து, வலையில் வாயை வைத்து முன்பக்கம் பார்த்துக் கத்தினான்.

"அண்ணே! வண்டிய அணைச்சிடு! சாவியப் புடுங்கிடு!"

"செத்துடுவேன்டா நானு!" என்றார் அம்மாவாசை.

"மண்டதாண்ணே ஒடையும். ஒடையட்டும். காலத் தூக்குண்ணே. இப்ப அமுத்தறது ஒரு நிமிசம். அப்புறம் எடுக்கவே முடியாதுண்ணே. நான் அமுத்தனவன் சொல்றேன். காலத் தூக்கு!"

கட்டை மறுபடியும் அவன் விலாவில் இறங்கியது. அவன் "தூக்குண்ணே, தூக்குண்ணே" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

இன்ஜின் நின்றது.

அடுத்த கல் கண்ணாடியைக் கொண்டுபோய் அம்மாவாசையின் நெற்றியில் பதித்தது. அவர் ஸ்டீரிங் மேல் கவிழ்ந்தார். கூட்டம் வண்டியைச் சூழ்ந்துகொண்டு ஆட்டியது. பின்கதவின் பூட்டைக் கடப்பாறையால் நெம்பினார்கள். ஒரு காவலர் துப்பாக்கியை வலை வழியாக நீட்டினார், ஆனால் சுடவில்லை. இராமதாஸ் இரத்தம் ஒழுக ஒழுகப் பலகைக்குக் கீழே போய்ச் சுருண்டுகொண்டான். வலைக்கு அந்தப் பக்கம் அஞ்சலாட்சியின் முகம் வந்தது. இராமதாஸின் மூக்கைப் பார்த்தாள். கண்ணையனைப் பார்த்தாள். அவன் உள்ளே கத்தியதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும். திரும்பி முன்பக்கம் ஓடினாள். கதவைத் திறந்து அம்மாவாசையை இழுத்து வெளியே போட்டாள். தன் முந்தானையைக் கிழித்து அவர் தலையில் கட்டினாள். "போலீசுக்குக் கட்டுப் போடறியாடி?" என்று எவனோ அவளை முதுகில் உதைத்தான். அவள் கட்டி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

பூட்டு திறப்பதற்குள் இரண்டு பக்கத்திலிருந்தும் போலீஸ் தடியோடு வந்துவிட்டது. அன்றைக்கு அந்தத் தெருவில் நாற்பது பேருக்கு மேல் அடிபட்டார்கள். ஒருவரும் சாகவில்லை.

*

கைதியாக இருந்துகொண்டு இன்னொரு கைதியை அடித்ததற்காகக் கண்ணையனுக்கு நான்கு மாதம் கூடியது. ஒரு மாதம் கழித்து அம்மாவாசை ஜெயிலுக்கு வந்தார். நெற்றியில் பூரான் ஊர்ந்த மாதிரித் தையல் தழும்பு.

"உன்னால போச்சுடா என் மண்ட" என்றார். "ஒரு கண்ணு சரியாத் தெரியல. டிரைவர் வேலையிலேருந்து எடுத்துட்டானுங்க. டேசன்ல உக்காந்து வெத்தல மெல்றேன்."

"மன்னிச்சிக்குங்கண்ணே."

அம்மாவாசை கம்பிக்குள் ஒரு பீடிக் கட்டை நீட்டினார். "ராத்திரி நல்லாத் தூங்கறேன்" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

புது இயந்திரங்கள் அந்த வருஷம் சித்திரையில் மில்லுக்குள் வந்துவிட்டன. முன்னும் பின்னும் போலீஸ் வண்டிகள் காவல் வர, மூன்று லாரிகளில் வந்தன. சங்கம் விடாமல் மறியல் செய்ததில் ரீலிங் பெண்களில் ஐம்பத்தெட்டுப் பேரை மட்டும் மற்றப் பிரிவுகளில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பட்டியலில் அஞ்சலாட்சி பெயர் இல்லை. இராமதாஸ் தண்டனை முடிந்து வந்தபோது கம்பெனி அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு வேறொரு இராமதாஸ் கிடைத்திருந்தான்.

தனக்கொடி இரண்டாவது வருஷம்தான் பார்க்க வந்தாள். பெரிய பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "கதிர்காமத்துல ஒரு மல்லாட்டக் கடல உடைக்கிற கொட்டாயில வேலைக்குப் போறேன். அந்த அஞ்சலாட்சியும் அங்கதான் வருது" என்றாள்.

கண்ணையன் நிமிர்ந்து பார்த்தான். "என்னா பேசுது உங்கிட்ட?"

"நான் யாருன்னு அதுக்குத் தெரியும். மொத நாளே தெரியும். ஒண்ணும் பேசாது. போன வாரம் கூலியக் கொறைச்சான்னு எல்லாரும் வேலைய வுட்டுட்டு ரோட்டுல போய் உக்காந்தோம். ஓரத்துல நின்னுக்கிட்டிருந்தேன். வந்து கையப் புடிச்சி இழுத்துக்கினு போயி பக்கத்துல உக்கார வெச்சுது."

"உக்காந்தியா?"

"உக்காந்தேன்" என்றாள் தனக்கொடி. "வண்டி ஒண்ணு வந்துது. நான் எழுந்து ஓடப் பாத்தேன். அது என் கைய வுடவே இல்ல."

"வண்டி?"

"நின்னுடுச்சி."

காவலர் நேரமாகிவிட்டது என்று சாவியால் கம்பியைத் தட்டினார். தனக்கொடி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த மாதமும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.